குறிப்பேட்டில் ஏறாதவை

கிராண்ட் சாப்ல் என்றால் பெருமணல்.
கூட்டம் தொடங்கியதும் யாரோ இதைச் சொல்ல
சிரித்தோம், பிறகு சிரிக்கவில்லை.

வருகை நாற்பத்தொன்று.
நாற்காலி இருபத்தாறு.
குறிப்பெடுப்பது நான், வசந்தா சுப்பராயன்,
பகலில் அஞ்சலகத்தில் முத்திரை குத்துபவள்.

போர்ட் லூயியிலிருந்து வந்த பொறியாளர்
வரைபடத்தைச் சுவரில் ஒட்டினாள்.
உப்பு பூத்த சுவர், டேப் நிற்கவில்லை.
நாலு மூலைக்கு நாலு பிள்ளைகள் நின்று
கரையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நீலக் கோடு இன்றைய கடல்.
சிவப்புக் கோடு, இவர்கள் என் வயதுக்கு வரும்போது.
இதைச் சொன்னபோது அவள்
பிள்ளைகள் பக்கம் திரும்பவில்லை.

சிவப்பு, தேவயானி முனியன் வீட்டுக்குள்
பின்வாசல் வழியே நுழைந்து
கூடத்துக்கு வராமலே வெளியேறுகிறது.
"அடுப்பு அதுக்கு, கட்டில் எனக்கா?" என்றாள்.
"பட்டினியாய்ப் படு என்கிறீர்கள்."
பொறியாளர் கோட்டின் தடிமனை விளக்கினாள்:
காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர்
தரையில் ஐந்து மீட்டர்.
ஒரு கோட்டுக்குள்ளேயே
ஒரு குடும்பம் வசிக்கலாம் என்று எழுதிவிட்டு
அடித்தேன்.

கருங்கல் சுவர் கேட்டார் தெசிரே.
அந்தப் பக்கத்து ஊரில் கட்டினார்களே,
சுவர் இருக்கிறது, மணல் எங்கே
என்றது பின்வரிசை.
அலையாத்தி நட்டால் என்ன என்று எழுந்தாள் மார்லேன்.
இரும்புக் கோலோடு பவளத்திட்டில் நடந்து
ஆக்டோபஸ் குத்துகிறவள்.
"கல்யாணமான புதிதில்
என் பாவாடை நனையாத பாறை ஒன்று.
இப்போது அங்கே இடுப்பளவு."
எவ்வளவு உயரம், எண் வேண்டும் என்றாள் பொறியாளர்.
மார்லேன் தன் இடுப்பைக் காட்டினாள்.
பொறியாளர் அளவுநாடாவோடு வந்து
தரையில் மண்டியிட்டு அளந்தாள்.

தொண்ணூற்றொரு சென்டிமீட்டர்.
அன்று சொல்லப்பட்ட எண்களில்
அதை மட்டும் எல்லோரும் நம்பினோம்.

பிறகு மேட்டு நிலம்.
கரும்பு நின்ற மண், ஆளுக்கு ஏழு பெர்ச்,
தெருவிளக்கு உண்டு, பேருந்து பின்னால் வரும்.
"படகு?"
படகு மலையேறாது என்பது
அமைச்சகத்தின் பரிசீலனையில் உள்ளது.
நடுராத்திரி காற்று திரும்பினால்
கயிற்றை இறுக்கக் கீழே வருவது யார்,
அந்தப் பின்னால் வரும் பேருந்திலா?

படிவம் கொடுத்தார்கள்.
வீட்டின் வகை: ஓடு, தகரம், கான்கிரீட்.
கடல்கோள் என்று நான் மாலை வகுப்பில் படித்த மொழியில்
ஒரு சொல் உண்டு. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.
படிவம் பன்னிரண்டு பக்கம்.

குடும்ப உறுப்பினர் எத்தனை பேர்
என்ற இடத்தில் ஜோஸ்லின் பேனாவை நிறுத்தினாள்.
மகன் இருப்பது கரையோரக் கல்லறையில்,
சிவப்புக்கு அந்தப் பக்கம்.
"அவனையும் கூட்டி எழுதட்டுமா?"
மின்விசிறி ஒரு சுற்று முழுதாகச் சுற்றியது.
எழுதுங்கள் என்றாள் பொறியாளர்,
மெல்ல, என் பேனாவுக்குக் கேட்காதபடி.

சுவரா, மரமா, மேடா,
எதற்கும் கை போதவில்லை.
தேவயானி எதற்கும் கை தூக்கவில்லை,
வீட்டில் உலை வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

அடுத்த கூட்டம் பதினெட்டாம் தேதி என்றார் தலைவர்.
மார்லேன் விரல் மடக்கிப் பார்த்தாள்:
அன்றைக்குப் பௌர்ணமி,
ஓதம் இந்த வாசற்படிக்கு வரும்.
சரி, இருபத்து மூன்று.
ஏகமனதாக நிறைவேறியது அது ஒன்றுதான்.

நாற்காலிகளை அடுக்கும் சத்தம்.
கை வலித்து ஒவ்வொருவனாக விட
வரைபடம் சுருண்டுகொண்டே போனது.
கடைசி மூலையைப் பிடித்திருந்த பையன் மட்டும்
யாரிடம் என்றில்லாமல் கேட்டான்,
போகலாமா?